கருப்பனுக்குத் தங்கை கிடையாது

என் தங்கை எழுதிய நாவலில் நான் ஏழு பேரை வெட்டுகிறேன். நிஜத்தில் நான் வெட்டியது ஒரே ஒருத்தனை. அவனும் சாகவில்லை. வலது கை மணிக்கட்டோடு போயிற்று, தோளில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். மீதி ஆறு பேரை எங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நாவலில் என் பெயர் கருப்பன். முருகையன் என்று போட்டால் வம்பு என்று மாற்றியிருப்பாள். பெயரை மாற்றினால் ஆயிற்றா? இடது புருவத்துத் தழும்பு என்னுடையது. ஆட்டுக்கறிக் கடை வேலை என்னுடையது. ஏழு வருஷ ஜெயில் என்னுடையது. அடி அண்ணாமலையில் எங்களுக்குப் பால் ஊற்றுகிறவன்கூட என்னைப் பார்த்து, புக்கில் வந்துவிட்டீர்களாமே என்று பல்லைக் காட்டினான். பால் கேனை எட்டி உதைத்தேன். தெருவெல்லாம் பால். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் புத்தகம் படிக்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

ஏழு கொலைகூடப் போகட்டும். கருப்பனுக்கு அம்மா கிடையாது. அப்பா கிடையாது. தங்கை கிடையாது. பஸ் ஸ்டாண்டில் யாரோ போட்டுவிட்டுப் போன குழந்தை. எட்டு வயதில் நாய்க்குட்டியைக் கல்லால் அடித்துக் கொல்கிறான். பதினாறு வயதில் கூட வேலை செய்கிறவனின் காதை அறுக்கிறான். ஏன் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. பிறவிக் குணம். அப்படித்தான் எழுதியிருக்கிறாள், மகராசி.

எனக்கு அம்மா இருக்கிறாள். சரோஜா என்று பெயர். எழுபது வயதிலும் காலையில் என்னை "எழுந்திருடா மூதேவி" என்றுதான் எழுப்புவாள். எனக்குத் தங்கை இருக்கிறாள், பெயர் அருணாதேவி, பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நாவலை எழுதிய புண்ணியவதி அவள்தான். எனக்கு மகள் இருக்கிறாள், தென்றல், பதினைந்து வயது. அவளைப் பெற்ற பதினோராம் நாள் என் பெண்டாட்டி காய்ச்சலில் செத்துப்போனாள். நான் ஜெயிலுக்குப் போகும்போது தென்றலுக்கு நாலு வயது. அந்த ஏழு வருஷமும் அவளுக்குச் சோறூட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அருணா. நான் வெளியே வந்ததும் அவளை என் கையில் கொடுத்துவிட்டாள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அதற்காக என்னை நாய்க்குட்டி கொல்கிறவனாக எழுதலாமா?

வெளியே வந்த இந்த நாலு வருஷத்தில் நானும் தென்றலும் ஒட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கடை முடிந்து வந்தால் என் சட்டையை மோந்து பார்த்து, ஆட்டு நாத்தம் என்று மூக்கைப் பொத்துவாள். அப்புறம் அதே சட்டையைத் துவைத்தும் போடுவாள். என் தட்டில் இருக்கும் நல்லி எலும்பைக் கேட்காமலே எடுத்து உறிஞ்சுவாள். அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அரைப் பரீட்சை லீவில் இரண்டே நாளில் நாவலைப் படித்து முடித்தாள். மூன்றாம் நாள் நான் குழம்புக்கு வெங்காயம் அரிய உட்கார்ந்தேன். கத்தியைக் கையில் எடுத்ததும் அவள் எழுந்து சுவரோரமாய்ப் போய் நின்றாள். கரப்பான் பூச்சி ஏதாவது வந்ததோ என்று நினைத்து, இன்னாம்மா என்று கத்தியோடு திரும்பினேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த மாதிரி முகத்தை மூடுவதை நான் வேறொருத்தியிடம் பார்த்திருக்கிறேன். கத்தியைப் போட்டுவிட்டு, "நான் உன் அப்பன்டி" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு செங்கம் ரோட்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று மாதம் ஆயிற்று. போன் செய்தால் 'ம்' என்பாள், வைத்துவிடுவாள். நேரில் போனால் தரையைப் பார்ப்பாள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மகள் பயப்படாமல் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு அருணா அந்த நாவலில் குடும்பத்தைப் போட வேண்டும். தங்கை கை உடைந்து கிடந்தாள், அதைப் பார்த்த அண்ணன் வெட்டினான் என்று எழுத வேண்டும். ஊரறிந்த உண்மை, கோர்ட்டில் சொன்ன உண்மை. அதை எழுத அவளுக்கு என்ன கேடு?

நான் வேலை செய்வது ஜுபைர் கடையில். மார்க்கெட் பக்கம் அவன் அப்பா சாந்த் பாஷா பாய் வைத்த கடை. ஜுபைரும் நானும் ஒரே வயது. பதினைந்து வயதிலிருந்து அங்கேதான் இருக்கிறேன். ஜெயிலிலிருந்து நேராகக் கடைக்குப் போய் நின்றபோது, ஏழு வருஷம் கழித்து என்னைப் பார்த்த ஜுபைர், "இன்னாடா இவ்ளோ லேட்டு" என்று மட்டும் கேட்டான். அப்படிப்பட்டவன் அவன்.

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. ஆட்டின் கண்ணில் கத்தி படக்கூடாது. அதன் எதிரே கத்தியைத் தீட்டக்கூடாது. ஒன்றை அறுப்பதை இன்னொன்று பார்க்கக்கூடாது. அறுப்பதற்கு முன் தண்ணீர் கொடுக்க வேண்டும், தடவிக்கொடுக்க வேண்டும், அதட்டாமல் மெதுவாகப் பேசிக் கூட்டிவர வேண்டும். பாயோ ஜுபைரோதான் பிஸ்மில்லா சொல்லி அறுப்பார்கள், வேறு யாரும் கத்தியைத் தொட முடியாது. தண்ணீர் கொடுத்துக் கூட்டிவருவது என் வேலை. கத்தி அவர்களுடையது, தண்ணீர் என்னுடையது. இதில் எனக்கு இணை கிடையாது. எப்பேர்ப்பட்ட முரட்டுக் கிடாவும் என் குரலுக்குப் பின்னால் வரும். கழுத்தில் ரத்தம் பீய்ச்சி அடிக்கும் அந்த நிமிஷம்வரை அதற்கு ஒன்றும் தெரியாது.

அதனால்தான் நாவலைப் படித்த ஜுபைர் தலையில் அடித்துக்கொண்டான். அதில் கருப்பன் ஒவ்வொரு தடவையும் கத்தியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவோடு கத்திக்கொண்டே ஓடுகிறான். எங்கள் கடையில் வளர்ந்த எவனாவது அப்படிச் செய்வானா? உன் தங்கச்சிக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றான் ஜுபைர். எனக்கும் அதுதான் மானக்கேடாக இருந்தது. தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடுகிறவன் சினிமா ரவுடி. நான் அப்படி வெட்டவில்லை.

எப்படி வெட்டினேன் என்று சொல்கிறேன். அருணாவின் புருஷன் சகாதேவனுக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து அடித்தான். பெல்ட்டால் அடித்தான், கதவில் விரலை வைத்து நசுக்கினான், ஒரு தடவை முடியைப் பிடித்து இழுத்ததில் தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வந்துவிட்டது. அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், கொஞ்ச நாள் இருப்பாள், திரும்பப் போவாள். கடைசியாக வந்தபோது ஒரு வாரம் இருந்தாள். புதன்கிழமை திரும்பப் போனாள். வியாழக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

போய்ப் பார்த்தேன். இடது கை முழங்கைக்குக் கீழே இரண்டாய் மடிந்திருந்தது. வாசற்படியில் வைத்து மிதித்திருக்கிறான். முதுகில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றியிருக்கிறான், ஜாக்கெட் துணி தோலோடு ஒட்டிக்கிடந்தது. நர்ஸ் அதைப் பிய்க்கும்போது அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்ததும் உடையாத கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நேராகக் கடைக்கு வந்தேன். ஜுபைர் தொழுகைக்குப் போயிருந்தான். கத்தியை எடுத்து ஈரத்துண்டில் சுற்றி முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு பைக்கில் கீழ்பென்னாத்தூர் போனேன். சகாதேவன் கடைக்குள் யூரியா மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது. நான் சிரித்தேன். சாப்பிடுங்க மாப்பிள்ளை, அவசரமில்லை, பேசிக்கலாம் என்றேன். அவனுக்கு உயிர் வந்தது. மச்சான், குடும்பம்னா முன்னபின்ன இருக்கும் என்று இழுத்தான். சாப்பிட்டு முடித்தான். கை கழுவப் பின்பக்கக் குழாய்க்கு வந்தான். நான் கூடவே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவன் வலது கையை நீட்டினான்.

ஒரே வெட்டு. பாய் கத்தி, எலும்பு கடக்கென்றது, கை தொட்டிக்குள் விழுந்தது. அதன் விரல்களில் இன்னும் குழம்பு ஒட்டியிருந்தது. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் கத்தினான். ஆடு அப்படிக் கத்தாது. இரண்டாவது வெட்டு கழுத்துக்கு வைத்தேன், அவன் சரிந்ததில் தோளில் இறங்கியது. மூன்றாவதாக ஓங்குவதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் என்மேல் விழுந்துவிட்டார்கள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. என்னைக் கட்டிப்போடுவதற்கு முன் நான்தான் அதை மூடினேன்.

ஜெயிலில் ஒருத்தன் என் தங்கையைப் பற்றிக் கேட்கக்கூடாத கேள்வி கேட்டான். சாப்பாட்டுத் தட்டால் அவன் வாயிலேயே அடித்து மூன்று பல்லைத் தட்டினேன். அவன் ஆட்கள் என்னைப் போட்டு மிதித்ததில் வந்ததுதான் புருவத்துத் தழும்பு. எல்லாம் தங்கைக்காக. அந்தத் தங்கைதான் என்னை அநாதையாக்கிப் புத்தகம் போட்டிருக்கிறாள்.

போன மாதம் செங்கம் ரோட்டில் டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ஞாயிறு மாலை நான்கு மணி, நாவல் கலந்துரையாடல், தலைப்பு 'நாயகனை உருவாக்கும் உறவுகள்', நூலாசிரியர் அருணாதேவி கலந்துகொள்கிறார். உறவுகளாமே! குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வா என்று ஜுபைர் படித்துப் படித்துச் சொன்னான்.

செங்கம் ரோட்டு ஆசிரமத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ். கீழே வெள்ளைக்காரர்கள் தரையில் உட்கார்ந்து இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஹாலில் நாற்பது பேர், பிளாஸ்டிக் சேர், பேனர், மைக். மேடையில் அருணா. முதல் வரிசையில் என் மகள், பின்னலில் கனகாம்பரம் வைத்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் பேசினார். மனிதனை அவனுடைய அம்மாவும் அப்பாவும் கூடப்பிறந்தவர்களும்தான் உண்டாக்குகிறார்கள், நாவலின் நாயகனும் அப்படித்தான் உண்டாகிறான் என்றார். நியாயமான பேச்சு, நான் தலையாட்டினேன். ஆனால் இந்த நாவலாசிரியர் துணிச்சலாக அத்தனை உறவையும் அறுத்து எறிந்துவிட்டார் என்றார். அதனால் கருப்பனுடைய வன்முறைக்குக் காரணமே கிடையாது, அது தூய வன்முறை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தென்றலும் தட்டினாள்.

எனக்குத் தலைக்கேறியது. தூய என்றால் என்ன, பினாயில் போட்டுக் கழுவினதா என்று எழுந்து நின்று கத்தினேன். ஹால் திரும்பிப் பார்த்தது.

"நான்தான் கருப்பன். எனக்குத் தங்கச்சி கீது. தோ, மேடை மேலதான் குந்தினுகீது. அவளைக் கேளுங்க, காரணம் இருந்துச்சா இல்லையான்னு."

நாடகம் என்று நினைத்துப் பாதிப்பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. ஜிப்பா போட்ட ஒரு பையன், கூட்டம் நடத்துகிறவன், கேள்வி நேரத்தில் பேசலாம் சார் என்று சிரித்துக்கொண்டே என் தோளில் கை வைத்து அழுத்தினான். முழங்கையை மடக்கி ஒன்று விட்டேன். மூக்குத்தண்டு நொறுங்கியது என் எலும்பில் தெரிந்தது. அவன் நாலு சேரோடு சரிந்தான். வெள்ளை ஜிப்பா இடுப்புவரை சிவப்பாயிற்று. இன்னொருத்தன் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே இரண்டு போட்டேன். பேராசிரியர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது.

ஸ்டாண்டை மறுபடியும் ஓங்கும்போதுதான் முதல் வரிசையைப் பார்த்தேன். தென்றல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த நாவலைப் பொய் என்று சொல்ல வந்தவன், பக்கம் பக்கமாய் நிரூபித்துவிட்டு நிற்கிறேன். என் கையிலிருந்து ஸ்டாண்ட் தானாக விழுந்தது. அருணா மேடையிலிருந்து இறங்கி வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். சரியாகக் கூடாத அந்த இடது கையால்தான் பிடித்தாள். ஹாலுக்குப் பின்னால் இருந்த சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"இன்னா வேணும் உனக்கு?"

"குடும்பத்தைப் போடு. உன் கை உடைஞ்சதைப் போடு. எம்பொண்ணு என்னை நிமிர்ந்து பாக்கணும்."

"அதெல்லாம் எழுதினேண்ணா. மொத்தம் நாப்பது பக்கம். அதைத்தான் மொதல்ல எழுதினேன். அப்பால எடுத்துட்டேன்."

"ஏன் எடுத்த?"

"அதுல நீ வர்றியே."

எனக்குப் புரியவில்லை. அவள் குரல் உயரவே இல்லை, வகுப்பில் பாடம் சொல்கிற மாதிரி சொன்னாள். "புதன்கிழமை நான் திரும்பப் போனேன்னு கோர்ட்டுல சொன்ன. போலீஸ்ல சொன்ன. ஜுபைர் அண்ணன்கிட்ட சொன்ன. நானாண்ணா போனேன்?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் போய் அதை அணைத்துவிட்டு வந்தாள்.

சொல்லிவிடுகிறேன். இத்தனை நேரம் உங்களிடமும் 'திரும்பப் போனாள்' என்றுதான் சொன்னேன். பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. அந்தப் புதன்கிழமை அவள் போகமாட்டேன் என்று கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாலாவது தடவையாக வந்துகிடக்கிறாள், ஊர் சிரிக்கிறது, வாழாவெட்டி வீட்டில் இருந்தால் நாளைக்குத் தென்றலுக்கு எவன் வருவான் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அருணாவை அறைந்தேன். ஒன்றில்லை, மூன்று. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவள் நிலையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். சகாதேவன் கதவில் நசுக்கிய விரல்கள் அவை, நகம் இன்னும் முளைக்கவில்லை.

அப்புறம் எனக்கே பாவமாயிற்று. அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டேன். தலையைத் தடவினேன். மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், இனிமேல் கை வைக்கமாட்டான், நான் இருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். நான் யாரிடமும் பேசவில்லை. அவள் நம்பினாள். பைக்கில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தேன். சின்னப் பிள்ளையிலிருந்து அவளுக்கு அது உயிர். வாயோரம் வழிந்ததை என் துண்டால் துடைத்தேன், அதில் எது பால் எது ரத்தம் என்று தெரியவில்லை. அப்புறம் உரக்கடையில் கொண்டுபோய் விட்டு, பார்த்துக்குங்க மாப்பிள்ளை என்றேன். சகாதேவன் சிரித்தான். நான் அவள் கையை உடைக்கவில்லை, கஞ்சி ஊற்றவில்லை. அதெல்லாம் அவன் வேலை. என் வேலையை நான் எப்போதும் போல் சுத்தமாகச் செய்துமுடித்திருந்தேன்.

"கத்தியைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?" என்றாள் அருணா. "எனக்கும் தெரியும்ணா. கருப்பன் அதைத் தூக்கிக் காட்டிட்டு வர்றான். பாத்தவங்க ஓடலாம் இல்ல? என்னால ஓட முடியலியே."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். மணிக்கட்டில் வெட்டியதற்கு நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்த வெட்டு யார்மேல் இருந்த கோபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, நாறப்பிழைப்பு!

அவள் எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கொடுமைக்காரன் என்று எழுதினால் ஊர் பயப்படும், அதை நீ தாங்கிக்குவ; ஆனால் அந்த நாற்பது பக்கத்தை உன்னால் தாங்க முடியாது, உனக்காகத்தான் எடுத்தேன் என்றாள். நீ ஏழு வருஷம் ஜெயிலில் கிடந்ததற்கு என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றாள். தென்றலுக்கு இருப்பது பயம், பயம் என்றைக்காவது போய்விடும், அவசரப்படாதே என்றாள்.

மூக்குடைந்த பையனுக்கு ஆறு தையல். ஜுபைர் போய்க் காலில் விழாத குறையாகப் பேசி, கேஸ் ஆகாமல் பார்த்துக்கொண்டான். எனக்கு ஒரு வாரம் வேலை ஓடவில்லை. ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப்போய்ப் பாதியிலேயே வாளியை வைத்துவிட்டு வந்தேன். ஜுபைரே தண்ணீரும் வைத்தான், அறுக்கவும் செய்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். பேசாமல் இருந்தால் ஒரு வருஷத்திலோ இரண்டு வருஷத்திலோ தென்றலுக்குப் பயம் தெளியும், திரும்ப வருவாள், நல்லி எலும்பு உறிஞ்சுவாள். ஆனால் நான் செய்யாத ஏழு கொலைக்காக அவள் முகத்தை மூடுகிறாள். செய்த ஒன்றைப் பற்றி அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கும் நாளைக்குக் கல்யாணம் ஆகும். என்றைக்காவது அவளும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்கலாம். அப்போது அவள் யாரை நம்பி வந்து நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அருணாவுக்குப் போன் போட்டு, அந்த நாற்பது பக்கத்தையும் தென்றலிடம் கொடு என்றேன். நீயே குடு என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தென்றலை ஸ்கூட்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, காகிதக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அருணா உள்ளே வராமலே போய்விட்டாள். அம்மா விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கட்டைத் தென்றலிடம் கொடுத்தேன். இதுதான் அப்பா, படிம்மா என்றேன். வாசலில் வெளிச்சம் இருந்த இடத்தில் சேரைப் போட்டு உட்கார்ந்தாள். நான் எதிரே படியில் உட்கார்ந்தேன்.

நல்ல வெயில். தகரக் கூரை சடசடவென்று சத்தம் போட்டது. அவள் மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் நின்று, முன்பக்கம் திருப்பி, மறுபடி படித்தாள். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. கடைசித் தாளை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக எதற்கு ஏங்கினேனோ அந்தப் பார்வை. பயம் என்பது மருந்துக்கும் இல்லை. என்னால்தான் அதைத் தாங்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

"அத்தை அந்த ரோஸ் மில்க்கைக் குடிச்சாங்களா?"

"குடிச்சா."

"முழுசா?"

"முழுசா."

கடைசித் தாளைக் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டு, "கருப்பனே தேவலாம்பா" என்றாள்.

வெயிலில் இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறாள், தொண்டை வறண்டிருக்கும் என்றுதான் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை. உள்ளே போய்ப் பானையில் மொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் பக்கத்தில் குனிந்து நின்று, குடிம்மா என்றேன். குரல் தானாகவே மெதுவாகிவிட்டது. எத்தனையோ வருஷமாய்ப் பழகிய குரல், அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை.

தென்றல் டம்ளரைப் பார்த்தாள், அதைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டே நின்றேன் என்று தெரியாது. அவள் வாங்கவில்லை.